பணிந்திருத்தல்: பவுலடியாரின் ஒரு சொல்லும் அதன் எல்லையும்



திருவிவிலியத்தில் சில சொற்களைக் கேட்டவுடன் மனம் ஆறுதல் அடைகிறது. வேறு சில சொற்களைக் கேட்டால் மனம் சற்றே சுருங்குகிறது. 'பணிந்திருங்கள்' என்பது இரண்டாம் வகையைச் சேர்ந்தது. ஆளும் அதிகாரம் உடையோருக்கு ஒவ்வொருவரும் பணிந்து நடக்க வேண்டும் என்று உரோமையருக்கு எழுதிய திருமுகத்தின் 13ஆம் அதிகாரத்தில் பவுலடியார் கூறுகிறார். மனைவியர் கணவருக்கும், அடிமைகள் தலைவர்களுக்கும், இளைஞர் மூப்பர்களுக்கும் பணிந்திருக்க வேண்டும் என்று பிற திருமுகங்களும் கூறுகின்றன.

ஒழுங்குக்காக எழுதப்பட்ட இந்த வரிகள், பிறருடைய வாயை அடைப்பதற்கும் பயன்பட்டிருக்கின்றன. வீட்டில் அடிபட்டு வந்து நிற்கும் மனைவியிடம், "பொறுத்துப் போம்மா, பணிந்திருக்கணும்னு வேதமே சொல்லுது" என்று உறவினர் சொல்வதைப் பங்குப் பணியில் இருக்கும் எவரும் கேட்டிருப்பார். பொய்க் கணக்கில் கையெழுத்துப் போடச் சொல்லும் மேலதிகாரிக்கும், கேள்வி கேட்பவரை விரும்பாத தலைவருக்கும் இந்தச் சொல் கைகொடுக்கிறது. அப்படியானால் பவுலடியார் உண்மையில் எந்தச் சொல்லை எழுதினார்? அதன் பொருள் என்ன? அதன் எல்லை எது? இதைக் கொஞ்சம் பொறுமையாகப் பார்ப்போம்.

1. சொல்லின் வேர்

புதிய ஏற்பாடு கிரேக்க மொழியில் எழுதப்பட்டது. மேற்கண்ட இடங்களில் எல்லாம் வரும் கிரேக்க வினைச்சொல் 'ஹுப்போதாஸ்ஸோ'. புதிய ஏற்பாட்டில் ஏறக்குறைய 40 முறை இச்சொல் வருகிறது. இது இரண்டு பகுதிகளால் ஆனது. 'ஹுப்போ' என்றால் கீழே. 'தாஸ்ஸோ' என்றால் ஒழுங்குபடுத்து, வரிசைப்படுத்து, உரிய இடத்தில் வை என்று பொருள்.

இந்த 'தாஸ்ஸோ' என்னும் வினையிலிருந்து 'தாக்ஸிஸ்' என்னும் பெயர்ச்சொல் பிறக்கிறது. அதன் பொருளை நாம் நன்றாகவே அறிவோம். மெல்கிசெதேக்கின் முறைப்படி குருவானவர் என்று எபிரேயர் திருமுகம் இயேசுவைப் பற்றிச் சொல்கிறதே, அங்கே 'முறை' என்பதற்குரிய கிரேக்கச் சொல் 'தாக்ஸிஸ்' (எபி 5:6). வழிபாட்டில் எல்லாம் ஒழுங்காக நடக்கட்டும் என்று கொரிந்தியருக்குப் பவுல் எழுதும்போதும் இதே சொல்தான் (1 கொரி 14:40).

ஆகவே 'ஹுப்போதாஸ்ஸோ' என்னும் சொல்லின் நடுவில் 'முறை' என்னும் எண்ணம் இருக்கிறது. ஒரு முறைமைக்குள் தனக்குரிய இடத்தில் நிற்பது என்பதே அதன் அடிப்படை. படைவீரர்களை அணிவகுப்பதற்கும் இச்சொல் பயன்பட்டது உண்மை. ஆனால் படைக்கு மட்டும் உரிய சொல்லாக அதை நினைக்க வேண்டியதில்லை. குடும்பம், நகரம், இறைவாக்கினர் குழு என்று ஒழுங்கு தேவைப்படும் எந்த இடத்திலும் அது வரும்.

2. உரோமையர் 13: ஒரே வேரில் நான்கு சொற்கள்

பவுலடியார் உரோமையருக்கு இத்திருமுகத்தை ஏறத்தாழ கி.பி. 57இல் எழுதினார். நீரோ மன்னன் அரியணை ஏறி (கி.பி. 54) சில ஆண்டுகளே ஆகியிருந்தன. கிறிஸ்தவர்களை அவன் கொடுமைப்படுத்திய கி.பி. 64 இன்னும் வரவில்லை. ஆனால் உரோமையில் அமைதி இருந்தது என்றும் சொல்ல முடியாது. அதற்கு முன் கிளவுதியு மன்னன் காலத்தில் யூதர்கள் அந்நகரை விட்டு வெளியேற்றப்பட்டிருந்தார்கள். அக்கில்லா, பிரிஸ்கில்லா தம்பதியர் கொரிந்துக்கு வந்தது இதனால்தான் என்று திருத்தூதர் பணிகள் நூல் கூறுகிறது (திப 18:2). மேலும் கி.பி. 58இல் மறைமுக வரிகளைப் பற்றி மக்கள் நீரோவிடம் முறையிட்டதாக உரோமை வரலாற்றாசிரியர் தாசித்து எழுதியிருக்கிறார். பவுல் இந்தப் பகுதியை வரி செலுத்தும் அறிவுரையோடு முடிப்பது (உரோ 13:6-7) தற்செயலாக இருக்காது.

இப்போது முதல் இரண்டு வசனங்களைக் கிரேக்கத்தில் பார்த்தால் ஓர் அழகு தெரியும். மொழிபெயர்ப்பில் அது மறைந்துவிடுகிறது. ஒரே 'தாஸ்ஸோ' வேரிலிருந்து நான்கு சொற்கள் அடுத்தடுத்து வருகின்றன.

மக்கள் பணிந்திருக்கட்டும் என்பதற்கு 'ஹுப்போதாஸ்ஸோ'. இருக்கிற அதிகாரங்கள் கடவுளால் ஏற்படுத்தப்பட்டவை என்பதற்கு 'தாஸ்ஸோ'வின் செயப்பாட்டு வடிவமாகிய 'தெதாக்மெனாய்'. அதிகாரத்தை எதிர்த்து நிற்பதற்கு 'அந்தித்தாஸ்ஸோ'. கடவுளின் ஏற்பாடு என்பதற்கு 'தியாத்தகே'.

குடிமகன் ஒரு முறைமைக்குள் நிற்கிறான். அதிகாரியும் அதே முறைமைக்குள் நிறுத்தப்பட்டிருக்கிறான். அவனை அங்கே நிறுத்தியவர் கடவுள். எனவேதான் அடுத்த வரிகளில் ஆட்சியாளனைக் கடவுளின் 'தியாகோனோஸ்', அதாவது தொண்டன், என்று பவுல் இருமுறை அழைக்கிறார். திருத்தொண்டர்களைக் குறிக்கத் திருச்சபை எடுத்துக்கொண்ட அதே சொல் இது! மன்னனைத் தெய்வமாக்கிக் கோவில் கட்டிய பேரரசில், அவனுடைய அதிகாரிகளைக் கடவுளின் தொண்டர்கள் என்று எழுதுவது எளிய செயலன்று. பணிந்திருக்கச் சொல்லும் அதே வாக்கியம், பணிவைப் பெறுகிறவனையும் கடவுளுக்குக் கீழே வைத்துவிடுகிறது.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். தண்டனைக்கு அஞ்சி மட்டும் பணிய வேண்டாம், மனச்சான்றின் பொருட்டும் பணியுங்கள் என்கிறார் பவுல் (13:5). மனச்சான்றை விட்டுவிட்டுப் பணிவது அவர் சொன்ன பணிவாகாது.

3. பணிதல், கேட்டல், இணங்குதல்

தமிழில் 'கீழ்ப்படிதல்' என்று நாம் பொதுவாகச் சொல்வதற்குப் புதிய ஏற்பாட்டில் ஒன்றுக்கு மேற்பட்ட கிரேக்கச் சொற்கள் உண்டு. அவற்றுள் மூன்றை அறிந்துகொள்வது நல்லது.

முதலாவது, நாம் பார்த்த 'ஹுப்போதாஸ்ஸோ'. நமது பொது மொழிபெயர்ப்பு இதைப் பெரும்பாலும் 'பணிந்திரு' என்று தருகிறது.

இரண்டாவது, 'ஹுப்பாகூவோ'. இதில் உள்ள 'அகூவோ' என்றால் கேள். காதுகொடுத்துக் கேட்டு அதன்படி செய்வது இச்சொல்லின் பொருள். தமிழருக்கு இதை விளக்கவே வேண்டாம். "சொன்ன பேச்சைக் கேட்கிற பிள்ளை" என்று நாம் சொல்லும்போது 'கேட்டல்' என்பதே கீழ்ப்படிதலாகிவிடுகிறது அல்லவா! பேதுரு சிறையிலிருந்து வந்து கதவைத் தட்டியபோது ரோதி என்னும் பணிப்பெண் யாரென்று கேட்க வந்தாள் என்று வாசிக்கிறோம். அங்கும் இச்சொல்தான் வருகிறது (திப 12:13). காற்றும் கடலும் இயேசுவுக்குக் கீழ்ப்படிந்ததும் (மாற் 4:41), பிள்ளைகள் பெற்றோருக்குக் கீழ்ப்படிவதும் (எபே 6:1), நற்செய்திக்கு நாம் தரும் 'நம்பிக்கையின் கீழ்ப்படிதலும்' (உரோ 1:5) இச்சொல்லால் குறிக்கப்படுகின்றன. ஆனால் அரசு அதிகாரத்துக்குக் கீழ்ப்படிவதைச் சொல்லப் புதிய ஏற்பாடு ஓரிடத்திலும் இச்சொல்லை எடுக்கவில்லை.

மூன்றாவது, 'பெய்தார்க்கேயோ'. இணங்குதல், அதிகாரம் என்னும் இரண்டு சொற்களின் சேர்க்கை இது. அதிகாரம் உடையவர் சொல்வதற்கு இணங்கி நடப்பது என்று பொருள். புதிய ஏற்பாட்டில் நான்கு முறை மட்டுமே வருகிறது. அவற்றுள் ஒன்று சுவையானது. கைதியாகக் கப்பலில் செல்லும் பவுல், புயலில் சிக்கிய பிறகு, தம் சொல்லுக்கு இணங்கிக் கிரேத்துத் தீவை விட்டுப் புறப்படாமல் இருந்திருக்க வேண்டும் என்று மற்றவர்களிடம் சொல்கிறார் (திப 27:21). அதிகாரம் படைத்தோர் நிறைந்த கப்பலில் கேட்கப்பட்டிருக்க வேண்டிய சொல் ஒரு கைதியின் சொல்லாக இருந்தது.

இம்மூன்று சொற்களுக்கும் இடையே மதில் எழுப்பிவிடக் கூடாது. தீத்துவுக்கு எழுதிய திருமுகத்தில் முதல் சொல்லும் மூன்றாம் சொல்லும் அருகருகே நிற்கின்றன (தீத் 3:1). பேதுருவின் முதல் திருமுகம் பணிவுக்கு எடுத்துக்காட்டாகச் சாராவைக் காட்டும்போது இரண்டாம் சொல்லைப் பயன்படுத்துகிறது (1 பேது 3:5-6). பணிந்திருப்பவர் வழக்கமாகச் சொல் கேட்டு நடப்பார் என்பதே உண்மை. ஆனாலும் இரண்டும் முற்றிலும் ஒன்றாகிவிடுவதில்லை. அதை எருசலேம் தலைமைச் சங்கத்தின் முன் நின்ற திருத்தூதர்கள் வாழ்ந்து காட்டினார்கள்.

4. திருத்தூதர்கள் காட்டிய எல்லை

இயேசுவின் பெயரால் கற்பிக்கக் கூடாது என்று தலைமைச் சங்கம் கட்டளையிட்டது. திருத்தூதர்கள் மறுபடியும் கோவிலில் கற்பித்தார்கள். காவலர் வந்து அழைத்தபோது எதிர்க்காமல் சென்றார்கள். விசாரணையில் நின்று பதில் சொன்னார்கள். மனிதருக்குக் கீழ்ப்படிவதைவிடக் கடவுளுக்கே கீழ்ப்படிய வேண்டும் என்று பேதுருவும் மற்றவர்களும் கூறினார்கள் (திப 5:29). இங்கே வரும் சொல் 'பெய்தார்க்கேயோ'. பிறகு சாட்டையடியையும் வாங்கிக்கொண்டார்கள். மறுநாள் முதல் நற்செய்தி அறிவித்தலை நிறுத்தினார்களா? இல்லை (5:40-42).

அவர்கள் கட்டளையை மறுத்தார்கள். ஆனால் மன்றத்தை இழிவுபடுத்தவில்லை, கல்லெடுக்கவில்லை, ஓடி ஒளியவுமில்லை. பவுலும் பேதுருவும் முரண்படுகிறார்கள் என்று சிலர் சொல்வதற்கு இந்நிகழ்ச்சியே பதில். அதிகாரத்தின் இடத்தை மதிப்பது ஒன்று. அது கடவுளுக்கு எதிராகக் கட்டளையிடும்போது மறுப்பது இன்னொன்று. ஒரே மனிதர் இரண்டையும் ஒரே நாளில் செய்ய முடியும்.

இரண்டாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் சிமிர்னா நகரின் ஆயர் புனித பொலிக்கார்ப்பும் இதையே செய்தார். கிறிஸ்துவைப் பழித்துரைக்கச் சொன்ன ஆளுநரிடம், கடவுளால் ஏற்படுத்தப்பட்ட அதிகாரங்களுக்கு உரிய மதிப்பைத் தர வேண்டும் என்று தங்களுக்குக் கற்பிக்கப்பட்டிருப்பதாகவும், ஆனால் அது தங்களுக்குக் கேடு விளைவிக்காத மதிப்பாக இருக்க வேண்டும் என்றும் அவர் சொன்னதாக அவரது மறைசாட்சிய வரலாறு கூறுகிறது. அங்கே வரும் கிரேக்கச் சொல்லும் பவுல் எழுதிய அதே 'தாஸ்ஸோ' தான். ஆளுநரை மதித்தார், கிறிஸ்துவை மறுதலிக்கவில்லை, உயிரைக் கொடுத்தார்.

நம் காலத்துக்கு நெருங்கிய ஒருவரையும் நினைப்போம். ஃபிரான்ஸ் யேகர்ஸ்டேட்டர் ஆஸ்திரியா நாட்டின் ஒரு சிற்றூர் விவசாயி. தம் பங்கு ஆலயத்தில் பணிசெய்தவர். ஹிட்லரின் போர் அநீதியானது என்று அவர் மனச்சான்று சொன்னது. ஊரார் மட்டுமல்ல, குருக்களும் ஆயரும்கூடக் குடும்பத்தை நினைத்துப் பார்க்கும்படி அவருக்கு அறிவுரை கூறினர். 1943 பிப்ரவரி மாதம் அழைப்பு வந்தபோது அவர் தலைமறைவாகவில்லை. படைமுகாமுக்குச் சென்று, ஆயுதம் ஏந்திப் போரிட முடியாது என்று அங்கேயே அறிவித்தார். மருத்துவப் பணி செய்ய ஆயத்தமாக இருந்தார். 1943 ஆகஸ்டு 9ஆம் நாள் அவர் தலை வெட்டப்பட்டது. 2007 அக்டோபர் 26 அன்று லின்ஸ் நகரில் அவர் அருளாளராக உயர்த்தப்பட்டபோது, அவருடைய மனைவி ஃபிரான்சிஸ்கா முதிர்ந்த வயதில் அங்கே இருந்தார். உரோமையர் 13ஐ அவர் மீறினார் என்று இன்று யார் சொல்வார்?

திருச்சபையின் போதனையும் இதில் தெளிவாக இருக்கிறது. அரசின் கட்டளைகள் அறநெறி ஒழுங்குக்கோ மனிதரின் அடிப்படை உரிமைகளுக்கோ நற்செய்திக்கோ முரணாக இருந்தால், அவற்றைப் பின்பற்றாதிருக்கக் குடிமக்கள் மனச்சான்றில் கடமைப்பட்டிருக்கிறார்கள் என்று கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வி கற்பிக்கிறது (எண் 2242). 1963இல் திருத்தந்தை 23ஆம் யோவான் வெளியிட்ட 'பாச்செம் இன் தேரிஸ்' சுற்றுமடலும் இவ்வாறே கூறியிருந்தது.

5. பிறரைப் பணியவைக்கும் உரிமை யாருக்கு?

இனி, இச்சொல்லைப் பற்றி நாம் அதிகம் கவனிக்காத ஒரு செய்தி. 'ஹுப்போதாஸ்ஸோ' செய்வினையில் வந்தால் 'பிறரைப் பணியவை, கீழ்ப்படுத்து' என்று பொருள். புதிய ஏற்பாட்டில் இப்படிச் செய்வினையாக வரும் இடங்களைத் தேடிப் பாருங்கள். அனைத்தையும் கிறிஸ்துவின் காலடிக்கு உட்படுத்தியவர் கடவுள் (1 கொரி 15:27, எபே 1:22, எபி 2:8). அனைத்தையும் தமக்குப் பணியவைக்கும் வல்லமை கொண்டவர் கிறிஸ்து (பிலி 3:21). படைப்பைப் பயனற்ற நிலைக்கு உட்படுத்தியவரும் (உரோ 8:20) கடவுளே என்பது பெரும்பாலான விளக்கவுரையாளர்களின் கருத்து. மற்றொரு மனிதரை இப்படிக் கீழ்ப்படுத்து என்று எந்த மனிதருக்கும் கட்டளை தரப்படவில்லை.

எபேசியர் திருமுகத்தைத் திறந்து பாருங்கள். பணிந்திருக்கும்படி மனைவியரிடம் சொல்லப்படுகிறது. அவர்களைப் பணியவையுங்கள் என்று கணவரிடம் சொல்லப்படுகிறதா? ஒருபோதும் இல்லை. கிறிஸ்து திருச்சபைக்காகத் தம்மையே கையளித்ததுபோல அன்பு செய்யுங்கள் என்றுதான் கணவருக்குக் கட்டளை. பிள்ளைகளுக்குச் சினமூட்டாதீர்கள் என்று தந்தையருக்குக் கட்டளை. மிரட்டுவதை விடுங்கள், உங்களுக்கும் விண்ணகத்தில் ஒரு தலைவர் உண்டு என்று தலைவர்களுக்குக் கட்டளை (எபே 6:4, 9).

மேலும், மனைவியரைப் பற்றிய வசனத்துக்கு (5:22) முன்னால், கிறிஸ்துவுக்கு அஞ்சி ஒருவருக்கொருவர் பணிந்திருக்கும்படி எல்லாருக்கும் சொல்லும் வசனம் இருக்கிறது (5:21). மிகப் பழைய கைப்பிரதிகளில், குறிப்பாக வத்திக்கான் கைப்பிரதியில், 22ஆம் வசனத்தில் வினைச்சொல்லே கிடையாது. முந்தைய வசனத்திலிருந்து அது கடன் வாங்குகிறது. ஒருவருக்கொருவர் என்பதை வெட்டி எறிந்துவிட்டு மனைவிக்கு மட்டும் எடுத்துச் சொல்கிறவர், வாக்கியத்தையே பாதியில் அறுத்துவிடுகிறார். இப்பணிவு இருவருக்கும் பொதுவானது என்று திருத்தந்தை 2ஆம் யோவான் பவுல் 1988இல் வெளியிட்ட 'முலியேரிஸ் திஞ்ஞித்தாத்தெம்' மடலில் விளக்கியுள்ளார் (எண் 24). எனவே அடிக்கும் கைக்கு எபேசியர் 5 துணை நிற்காது. அடிபடும் சகோதரி பாதுகாப்பைத் தேடிச் செல்வது பணிவுக்கு எதிரான பாவமும் ஆகாது.

மேய்ப்பர்களுக்கும் இதே அளவுகோல்தான். மூப்பர்களுக்குப் பணிந்திருக்க இளைஞரைக் கேட்கும் பேதுரு, அதற்கு இரண்டு வசனம் முன்னதாகவே, மந்தையை அடக்கி ஆளாதீர்கள் என்று மூப்பர்களை எச்சரித்துவிடுகிறார் (1 பேது 5:3, 5). மக்களைக் குறித்துக் கணக்குக் கொடுக்க வேண்டியவர்கள் தலைவர்கள் என்று எபிரேயர் திருமுகமும் நினைவூட்டுகிறது (எபி 13:17). சிறுவரையும் வலுவற்றோரையும் காயப்படுத்துகிறவர்கள், குருக்களாகவே இருந்தாலும், 'கீழ்ப்படிதல்' என்னும் சொல்லுக்குப் பின்னால் ஒளிந்துகொள்ள முடியாது. குருக்களும் துறவியரும் அத்தகைய குற்றங்களை அறிந்தால் திருச்சபை அதிகாரிகளிடம் தெரிவித்தே ஆக வேண்டும் என்று 2019இல் திருத்தந்தை பிரான்சிஸ் சட்டமாக்கினார்.

6. நாசரேத்தில் பணிந்திருந்தவர்

இப்படியெல்லாம் சொன்னால், பணிவு என்பதே தேவையில்லை என்று ஆகிவிடாதா? ஆகாது. ஏனெனில் இச்சொல் இயேசுவின் வாழ்விலும் வருகிறது.

பன்னிரண்டு வயதில் கோவிலில் தங்கிவிட்ட இயேசு, தம் தந்தைக்குரிய அலுவலில் தாம் இருக்க வேண்டும் என்று பெற்றோரிடம் சொன்னார். உடனே அடுத்து லூக்கா எழுதுவது, அவர் நாசரேத்துக்குத் திரும்பிச் சென்று அவர்களுக்குப் பணிந்திருந்தார் என்பதாகும் (லூக் 2:49-51). அங்கும் 'ஹுப்போதாஸ்ஸோ' தான். அதுவும் தொடர்ந்து நடக்கும் செயலைக் காட்டும் வடிவத்தில். தம் முதல் கடமை வானகத் தந்தைக்கு என்று அறிந்தவர், அந்த அறிவோடு யோசேப்பின் தச்சுப் பட்டறையில் பணிந்திருந்தார். இறுதியில் எல்லாம் முடிந்தபின் மகனும் தந்தைக்குப் பணிந்திருப்பார் என்று பவுல் எழுதும் இடத்திலும் (1 கொரி 15:28) இதே சொல்லைக் காண்கிறோம். மகன் தந்தைக்குச் சமமானவர் என்பது நம் விசுவாசம். ஆகவே பணிந்திருப்பவர் தாழ்ந்தவர் என்று யாரும் இச்சொல்லை வைத்து வாதிட முடியாது.

கப்பர்நாகும் நூற்றுவர் தலைவர் இதை நன்றாகப் புரிந்திருந்தார். தாம் அதிகாரத்துக்கு உட்படுத்தப்பட்டவர் என்றும், தமக்குக் கீழே படைவீரர் உண்டு என்றும் அவர் சொல்கிறார் (லூக் 7:8). முதலில் தாம் யாருக்குக் கீழே என்பதைச் சொல்லிவிட்டுத்தான், தமக்குக் கீழே இருப்பவர்களைப் பற்றிப் பேசுகிறார். அதிகாரம் உள்ள ஒவ்வொருவரும் பேச வேண்டிய வரிசை அது.

சிந்திக்க...

அன்பார்ந்தவர்களே, வரி செலுத்துவது, சாலை விதியை மதிப்பது, பங்குப் பேரவையில் எடுத்த முடிவை நமக்குப் பிடிக்காவிட்டாலும் ஏற்று ஒத்துழைப்பது, வயதான பெற்றோரின் சொல்லுக்குக் காதுகொடுப்பது எல்லாம் பணிந்திருத்தலே. இவற்றைத் தட்டிக்கழிக்க மனச்சான்றைச் சாக்காகச் சொல்வதும் தவறு. அதேவேளை பாவத்துக்கு உடன்படச் சொல்லும் குரல் எங்கிருந்து வந்தாலும், அமைதியாக, மரியாதையாக, 'முடியாது' என்று சொல்லும் கடமையும் நமக்கு உண்டு.

இந்த வாரத்தில் நம்மையே நாம் கேட்டுப் பார்ப்போம். என் வீட்டில், அலுவலகத்தில், அன்பியத்தில் என் சொல்லுக்குப் பணிகிறவர்கள் யார் யார்? அவர்கள் அச்சத்தால் பணிகிறார்களா, அன்பால் பணிகிறார்களா? எனக்கு மேலே ஒருவர் இருக்கிறார் என்பது என் பேச்சில் அவர்களுக்குத் தெரிகிறதா?

நாசரேத்தில் பணிந்திருந்த ஆண்டவர், பணியவும் மறுக்கவும் தேவையான ஞானத்தை நம் ஒவ்வொருவருக்கும் தந்தருள்வாராக. ஆமென்.